மாவு மில் அசோகவனம்

மதினியிடம் மாவு அரைக்கப் போவதென்றால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அரைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேழ்வரகு அரைத்த கையோடு அடுத்தவர் கோதுமையைக் கொட்டி நிறம் மாற்றிவிடுகிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. பிள்ளைக்குக் கொடுக்கிற கஞ்சி மாவை மிளகாய் வத்தல் அரைக்கிற மெஷின் பக்கமே கொண்டுபோக மாட்டார். என் பயம் வேறு. டப்பாவை வாங்கித் தரையில் வைத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன்னைக்கு உள்ள யாரு இருக்கா?" என்று கேட்பார்.

உள்ளே என்றால் நெஞ்சுக்குள். ராமர் கதையிலும் பாரதக் கதையிலும் வருகிற அத்தனை பேரும் நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் குடியிருக்கிறார்கள், ஒருநாளைக்கு ஒருத்தர் எழுந்து நடமாடுகிறார் என்பது அவர் கட்சி. இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கடலுக்கு அந்தப்பக்கம் என்று நாம் சொல்வோம். அவர் தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டுவார். இதையெல்லாம் எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் கோயில் பிரசங்கத்தில் கேட்டேன் என்பார். இன்னொரு நாள் அதுவாகத் தோன்றிற்று என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் அந்த மில் இருந்தது. இப்போது அது கைமாறிவிட்டது. அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தலையில் துண்டு, புருவத்தில் மாவு, இமையில் மாவு. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் பெருத்துப் போனதால் கரண்டு இல்லாதபோதும் கத்தித்தான் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மல்லி அரைக்க வந்தார். காத்திருக்கிற நேரத்தில் தன் மகனைப் பற்றிப் பெருமை பேசினார். பையன் கல்லூரிக்குப் போகவில்லை, அது வாத்தியார்கள் குற்றம். வண்டியைக் கொண்டு எங்கேயோ மோதிவிட்டான், அது ரோட்டின் குற்றம். மதினி மெஷினை நிறுத்தினார். வந்தவருக்குள் திருதராட்டிரன் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். கண் தெரியாத ராசா அரண்மனையில் இருந்தபடியே சண்டை எப்படிப் போகிறது என்று சஞ்சயனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாரே, புள்ளைப் பாசம் பிடித்த மனசுதான் அந்த ராசா, அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான் உண்டு என்றார். வந்தவர் அரைத்தும் அரைக்காததுமான மல்லியை அள்ளிக்கொண்டு போனார். பிறகு அவர் வீட்டு ஆட்கள் அந்த மில் வாசலை மிதிக்கவில்லை.

மதினியின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பெல்ட் மாட்டுவது, சாக்குத் தூக்குவது தவிர வேறு பேச்சுக்கு வரமாட்டார். அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எல்லையில இருந்தப்பகூட இம்புட்டுப் பேர எதிரியாக்கல தாயி."

மதினி எனக்கும் ஒரு கதை சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஷிஃப்டு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது மெஷின் சூடும் பசியும் சேர்ந்து கோபமாக வருவார். நானும் பதிலுக்குப் பேசுவேன். ஒருநாள் அழுத முகத்தோடு மாவு அரைக்கப் போனபோது மதினி வாலி கதையை எடுத்தார். வாலிக்கு எதிரே நிற்பவன் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் அல்லவா, கோபம்தான் வாலி, எதிரே போய் நிற்காதே, ராமரே மரத்துக்குப் பின்னால்தான் நின்றார், நீ எம்மாத்திரம் என்றார். அதிலிருந்து வீட்டுக்காரர் வந்து இறங்கியதும் நான் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிடுவேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எதிரே வருவேன். வீட்டில் சண்டை குறைந்தது உண்மை. மறைந்து நிற்பது எனக்குப் பழகிப்போனதும் உண்மை.

இந்த இடத்தில் என் சங்கதியைச் சொல்ல வேண்டும்.

ஆடி பிறந்த சமயம். குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, விரலில் ஏதோ தட்டியது. ஊறவைத்த மொச்சைப் பயறு போல ஒன்று. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அன்றைக்கு முழுக்க வேலை செய்கிற சாக்கில் சேலைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு, அவளிடமும் சொல்லவில்லை. வைத்தியநாத சுவாமி கோயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காலையும் மாலையும் போய் நின்றேன். சாமியே வைத்தியராக இருக்கும் ஊரில் நமக்கு என்ன வந்துவிடும் என்று ஒரு பக்கம் தோன்றும். மறுபக்கம் கை தானாக அங்கே போகும்.

அப்போதுதான் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் பகலில் கரண்டை நிறுத்தினார்கள். அது தெரியாமல் நான் கோதுமையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டேன். வேறு யாரும் இல்லை. மதினி சாக்கு விரித்து உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். டப்பாவை நான் வலது கையால் மட்டும் இறக்கியதைப் பார்த்துவிட்டு, இடது கைக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் அதை நம்பவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அசோகவனக் கதையைத் தொடங்கினார்.

அசோகவனம் என்பது பயந்துபோன மனசு. அதற்குள் சீதையம்மா ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் அரக்கிகள். ஒருத்தி பல்லைக் காட்டுகிறாள், ஒருத்தி கடித்துத் தின்றுவிடுவேன் என்கிறாள், ஒருத்தி உன்னைத் தேடி எவனும் வரமாட்டான் என்கிறாள். அத்தனையும் நம்முடைய நினைப்புகள்தான். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தி நம் கட்சி. அவள் பெயர் திரிசடை. அவளும் அரக்கிதான், பார்க்க மற்றவர்களைப் போலத்தான் இருப்பாள். அவளைக் கண்டுபிடித்துவிட்டால் வனத்தில் உயிரோடு இருக்கலாம். இதுதான் அவர் சொன்னது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டியைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது முதலில் அவரிடம்தான்.

அவர் பதறவில்லை. கையில் இருந்த வத்தலைக் கீழே போட்டுவிட்டு, அரக்கிகள் என்னென்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒருத்தி இது புற்றுதான் என்கிறாள். ஒருத்தி பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்கிறாள். ஒருத்தி மார்பை எடுத்துவிட்டால் புருசன் முகம் பார்ப்பாரா என்கிறாள். ஒருத்தி தெருவில் என்ன பேசுவார்கள் என்கிறாள். இன்னொருத்தி, ஒன்றும் இருக்காது, வெறும் கொழுப்புக் கட்டி, ஆடிப்பூரத் தேர் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

"அவதாம்ட்டி திரிசடை" என்றார் மதினி. "கடேசியாச் சொன்னியே, அவ பக்கத்துல போயி ஒக்காந்துக்க."

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அரைக்காத கோதுமையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்தது. திரிசடை ஆவணி முகூர்த்தங்கள் முடியட்டும் என்றாள். பிறகு புரட்டாசிச் சனிக்கிழமைகள் முடியட்டும் என்றாள். சனிக்கிழமை விரதத்துக்குப் பச்சரிசி இடிக்கவும் திரிக்கவும் போகும்போதெல்லாம் மதினி கண்ணாலேயே எப்படி இருக்கிறாய் என்று கேட்பார், நானும் கண்ணாலேயே நன்றாக இருக்கிறேன் என்பேன். மொச்சைப் பயறு மெதுவாகப் புளியங்கொட்டை அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை அங்கே போகவிடாமல் பழக்கிக்கொண்டேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம், மதினி என் வீட்டுக்கு வந்தார். முறுக்கு மாவு அரைக்க மில்லில் ஆட்கள் வரிசையாக நிற்கிற நாள் அது. அப்படிப்பட்ட நாளில் மில்லை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் பட்டப்பகலில் வந்து என் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். குளித்து, வேறு சேலை கட்டி, இமையில் மாவே இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு யாரோ போல இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. சேத்தூரில் அவர் சித்தி மகள் இறந்துபோய் அங்கே போய்விட்டு நேராக வருகிறார் என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாளுக்கும் மார்பில்தான் கட்டி. கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, புண்ணாகி, அதன் பிறகுதான் வீட்டுக்கே தெரிந்ததாம்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்ட்டி" என்றார். முதல்முறையாக அவர் சத்தமில்லாமல் பேசிக் கேட்டேன்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"திரிசடை என்ன சொன்னா? ஒண்ணும் இல்ல, ஒறங்குன்னா சொன்னா? அவ கனாக் கண்டேன்னு சொன்னா. ராவணன் தலையில எண்ணெயத் தடவிக்கிட்டுத் தெக்கால போறான், ஊரே அழியப் போகுதுன்னு சொன்னா. அதக் கேட்டு மத்த அரக்கியெல்லாம் வெலவெலத்துப் போனாளுக. பஸ்ஸுல வாரப்பத்தான் எனக்கு ஒறைக்குது. எந்த நெனப்பக் கேட்டா மத்த நெனப்பெல்லாம் பயப்படுதோ, அதுதான் திரிசடை."

"அப்ப அந்த இன்னொருத்தி?" என்று கேட்டேன்.

"அவளும் அந்தக் கூட்டத்துல உள்ளவதான். கடிக்கிறவள்ளாம் ஒரு பக்கம், நயமாப் பேசி ஒக்கார வைக்கிறவ ஒரு பக்கம். ராவணன் ரெண்டு மாதிரியும்தான வச்சிருந்தான். எங்க சித்தி மவகிட்ட பேசுனவ அவதான். ஓங்கிட்ட அவளத்தான் நான் காட்டி விட்டுருக்கேன்."

அப்போதுதான் நான் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்று ஒருத்தி ஆடி மாதத்திலிருந்தே மூலையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது, அதனால் அன்றைக்கு உங்களிடம் எண்ணிச் சொன்னபோது அவளை மட்டும் விட்டுவிட்டேன் என்று. மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொல்லைப்பக்கம் போகாமல் எதிரே நின்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். மறுநாள் அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூட்டிப்போகிறேன் என்று மதினி வந்தார்.

ராஜபாளையத்தில் டாக்டரம்மா ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்தார். ரிசல்ட் வருகிறவரை இருந்த நாட்களை நான் எழுத விரும்பவில்லை. தெருவில் வெடிச் சத்தம், வீட்டில் பலகாரம். ரிசல்ட் வாங்கப் போன அன்று என் வீட்டுக்காரரோடு மதினியும் வந்தார். உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் ஒரு கதையும் சொல்லவில்லை. போகிற வருகிற நர்ஸுகளிடமெல்லாம் இது எதனால் வரும், குடும்பத்தில் இருந்தால் வருமா, சித்தி மகளுக்கு இருந்தால் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

அதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் இன்னும் பரவவில்லை, உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் பயமில்லை, இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்றார். நான் அழவில்லை. அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே ஓடியவர் மதினிதான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். கழுவி முடித்து, மறுபடியும் கழுவினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாயெல்லாம் புண். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். என்னோடு பேச்சில்லாத ஓரகத்திகூட ரசம் வைத்துக்கொண்டு வந்தாள். மதினி மட்டும் வரவில்லை. அவர் வீட்டுக்காரர் சத்துமாவு அரைத்துக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார். அவிய ஏன் வரலை என்று கேட்டால் வேலை என்பார். ஆடியிலிருந்து ஐப்பசிவரை தன் பேச்சால் நாள் வீணாகப் போயிற்றே என்று மதினிக்கு மனசு குத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் வருத்தம் கிடையாது. அவரைச் சேத்தூருக்கும் அங்கிருந்து என் அடுப்படிக்கும் அனுப்பியது வைத்தியநாதர்தான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அவர் வராதது வலித்தது.

பங்குனியில் எனக்குத் தலையில் பூனைமயிர் போல முளைக்கத் தொடங்கியது. முக்காடு போட்டுக்கொண்டு, வீட்டைவிட்டு முதல்முறையாகத் தனியே நடந்து, நானே மில்லுக்குப் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் மதினி மெஷினை நிறுத்தினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தழும்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

அப்புறம் என் கையை எடுத்துத் தன் மாராப்புக்குள் வைத்தார்.

"ஒனக்குத்தான தெரியும், எப்படி இருக்கும்னு. பாரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேத்தூரிலிருந்து வந்த நாள் முதலாக அவர் இந்தப் பயத்தோடுதான் இருந்திருக்கிறார். நர்ஸுகளிடம் கேட்டது தனக்காக. என்னை வந்து பார்க்காதது, என்னைப் பார்த்தால் தன்னைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காக. ஊரில் உள்ளவர் நெஞ்சையெல்லாம் திறந்து பார்க்கச் சொன்னவர் தன் கையைத் தன் உடம்பில் வைக்க முடியாமல் இத்தனை மாதமாக மாவு அரைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

என் விரல்களை மெதுவாக நகர்த்தினேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் அடியில் ஒரு இடத்தில் ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. என் விரலே நடுங்கிக்கொண்டிருந்ததால் நடுக்கம் எது, கட்டி எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"ஒண்ணும் இல்ல மதினி" என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி இளகியது. உடனே இறுகிக்கொண்டது.

"இப்பச் சொன்னது யாருட்டி?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, ஆனால் அதைச் சொன்னது நான் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"சேலைய மாத்துங்க. நானும் வாரேன்" என்றேன்.

அவர் வீட்டுக்காரரிடம் எங்கே போகிறோம் என்று நான்தான் சொன்னேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ராஜபாளையம் போகிறவரை மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. என்ன பேசினாலும் அது ஒன்று பயமுறுத்துவதாக இருக்கும், இல்லையென்றால் தட்டித் தூங்கவைப்பதாக இருக்கும் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினார்கள். அவர் பெயரைக் கேட்டபோது கவுண்டர் கண்ணாடிக்குள் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசியது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். நான் சுற்றிலும் இருந்த பெண்களைப் பார்த்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் மதினிக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. தெருவே மதினி என்று கூப்பிட்டதில் அவருக்கே அது பழக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும். மூன்றாவது தடவைதான் உறைத்தது போலிருக்கிறது.

"நான்தான்" என்று எழுந்தார். என் கையை விட்டுவிட்டு, கதவைத் தாமே தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.